போத்தலில் வளரும் ஆர்க்கிட்: வாங்குமுன் அறிய வேண்டியவை

நம் தோட்டப்புறக் குடியிருப்புகளில் வீட்டு வாசலை நோக்குவோர் இரண்டொரு ஆர்க்கிட் செடிகளையேனும் காணாமல் திரும்புவது அரிது. கரித்துண்டும் உடைந்த செங்கல்லும் இட்ட சட்டியிலோ, தேங்காய் மட்டையிலோ, வேலிக் கம்பில் கட்டப்பட்டோ அவை வளர்கின்றன. மலர்ச்செடி விற்பனை நிலையங்களில் வேறொரு காட்சியையும் காணலாம். மூடியிட்ட கண்ணாடிப் போத்தலுக்குள், கூழ் போன்ற ஒரு பொருளின்மீது, விரல் நுனியளவான பச்சைச் செடிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு போத்தலில் இருபது, முப்பது செடிகள் இருக்கும். வெளியே வண்ணப்படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்.

நாம் தோட்டங்களுக்குச் செல்லுங்கால் இப்போத்தல்களைப் பற்றிப் பலரும் வினவுகின்றனர். "ஐயா, போத்தலுக்குள்ளேயே இரண்டு பூவைக் கலந்து புது நிறம் உண்டாக்குகிறார்களாமே, உண்மைதானா?" என்பது சிலரின் ஐயம். "படத்தைப் பார்த்து வாங்கினேன், மூன்று ஆண்டு கழித்துப் பூத்தது வேறு பூ. கொடுத்த பணம் போகட்டும் ஐயா, மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றினேனே!" என்பது அம்மையார் ஒருவரின் குறை. ஐயமும் குறையும் வெவ்வேறாகத் தோன்றினும் இரண்டிற்கும் காரணம் ஒன்றே. புதிய மலரை உண்டாக்குவது ஒரு வேலை. உண்டான மலரைப் பெருக்குவது வேறொரு வேலை. முன்னது பூவில் நடைபெறுகின்றது. பின்னது போத்தலில் நடைபெறுகின்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் ஏமாற்றம் விளைகின்றது.

600ஆம் எண் மரம் கற்பிப்பது

பால்மரம் வெட்டுவோர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மரத்தை அறியாத தோட்டத் தொழிலாளர் இரார். ஜாவாத் தீவின் டிஜிர் 1 என்னும் மரத்தையும், சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்துப் பி.பி. 86 என்னும் மரத்தையும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் கையால் மகரந்தம் சேர்த்துக் கலந்ததால் பிறந்த பிள்ளை அது. (அந்தப் பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நகரம் எழுந்து நிற்கின்றது.)

அத்தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகள் பல. அவற்றுள் பால் மிகுதியாகத் தந்த ஒரு கன்றைத் தேர்ந்தெடுத்தே 600 என எண்ணிட்டனர். இனி, 600ஆம் மரத்தின் கொட்டையைப் பொறுக்கி விதைத்தால் 600 முளைக்குமா? முளைக்காது. முளைப்பது அதன் பிள்ளை. ஒன்று நன்றாயிருக்கும், மற்றொன்று சவலையாயிருக்கும். அதனாலன்றோ தாய்மரத்தின் மொட்டை எடுத்து நாற்றங்கால் கன்றில் ஒட்டுக் கட்டுகின்றோம்? ஒட்டுக்கன்று தாயின் பிள்ளையன்று, தாயேதான். ஒரே மரம் பல்லாயிரம் இடங்களில் நிற்கின்றது எனலாம். இதனையே குளோன் என்கின்றனர்.

ஆர்க்கிட் மலரிலும் கதை இதுவே. கலப்பினம் என்பது இரு செடிகளின் மகரந்தச் சேர்க்கையால் பிறப்பது. திசு வளர்ப்பு என்பது ஒட்டுக் கட்டுதலைப் போன்று, ஒன்றைப் பலவாக்கும் முறை. ஒட்டுக் கட்டுவதற்கு வேறொரு கன்றின் வேர் வேண்டும். திசு வளர்ப்பில் அதுவும் வேண்டா. தாயின் சிறு துணுக்கே தனக்கு வேரும் இலையும் அமைத்துக்கொள்ளும்.

பூவில் நடப்பது

ஆர்க்கிட் பூவின் நடுவில் சிறு தூண் போன்ற ஓர் உறுப்பு உண்டு. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாக இணைந்ததே அத்தூண். அதன் முனையில் தொப்பி போன்ற சிறு மூடி இருக்கின்றது. பல் குத்தும் குச்சியால் அதனை மெல்லத் தூக்கினால் மஞ்சள் நிறத் திரள்கள் குச்சியின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். வாண்டா இனத்தில் இரண்டு, டென்ட்ரோபியம் இனத்தில் நான்கு. பிற பூக்களில் தூளாகப் பறக்கும் மகரந்தமே இங்கு உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கின்றது. தூணின் உட்பக்கத்தில், மூடிக்குச் சற்றுக் கீழே, பசையுள்ள ஒரு குழி தெரியும். ஒரு செடியின் மகரந்தத் திரளை மற்றொரு செடிப் பூவின் குழியில் வைத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. தாயாகும் பூவின் சொந்த மகரந்தத்தை முன்னரே அகற்றிவிட வேண்டும்.

மலர்ந்து சில நாளான, வாடாத பூவையே தேர்ந்தெடுத்தல் நன்று. மகரந்தம் ஏற்ற பூ விரைவில் வாடும். அதுகண்டு அஞ்ச வேண்டா. பூவின் பின்னுள்ள காம்பு பருத்துக் காயாகும். இனத்திற்கேற்ப நான்கு மாதம் முதல் ஓராண்டு வரையில் காய் முற்றும். காய் வளர்ப்பது செடிக்குப் பெரும் பாரமாதலால், மெலிந்த செடியில் காய் விடுதல் ஆகாது. தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரை அடுத்தும் நாளையும் எழுதிய அட்டையைக் காம்பில் கட்டுவது வழக்கம். இவ்வளவே கலப்பினம் செய்யும் கலை. இதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டா, பட்டமும் வேண்டா. தமக்கு மனப்பொருத்தமான இரு செடிகளைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும், காத்திருக்கும் பொறுமையுமே வேண்டும்.

ஜோக்கிம் அம்மையாரும் ரிட்லியும்

இவ்வாறு வீட்டுத் தோட்டத்தில் செய்த கலப்பே ஒரு நாட்டின் தேசிய மலராயிற்று. சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னெஸ் ஜோக்கிம், வாண்டா ஹூக்கரியானா, வாண்டா தெரெஸ் என்னும் இரண்டையும் கலந்து ஒரு செடியைப் பெற்றார். இவற்றுள் முதலாவது நம் பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களில் வளர்ந்தது. 'கிந்தாக் களை' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. களை என்று பெயர் பெற்றதன் பிள்ளை தேசிய மலரானது! 1893இல் அப்புதிய மலரை ஆராய்ந்து உலகிற்கு எழுதியறிவித்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி. பால்மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டிய அதே ரிட்லிதான் இவர். நம் கையில் பிடிக்கும் பால்வெட்டுக் கத்திக்கும் இந்த மலருக்கும் இப்படியோர் உறவு இருப்பதைப் பலர் அறியார்.

1981இல் இம்மலர் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பெற்றது. அஃது அம்மையார் கையால் கலந்ததா, வண்டு கலந்ததா என்று நெடுங்காலம் வாதிட்டனர். 2016இல் சிங்கப்பூர் அதிகாரிகள் அம்மையாரையே அதனை உருவாக்கியவராக முறைப்படி ஏற்றுக்கொண்டனர்.

முளைக்காத விதை

கலப்பது எளிதாயின், ஊருக்கு ஊர் புதிய ஆர்க்கிட் ஏன் தோன்றவில்லை? விதைதான் தடையாயிருந்தது. ஆர்க்கிட் காயைப் பிளந்தால் மாவு போன்ற தூளே உதிரும். ஒரு காயில் பல்லாயிரம் முதல் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட விதைகள் வரை இருக்கலாம். அவ்வளவு சிறிய விதையில் முளைக்கு வேண்டிய உணவு ஏதும் இல்லை. ரப்பர்க் கொட்டையை உடைத்தால் உள்ளே வெண்ணிறப் பருப்பு இருக்கின்றதன்றோ? அது கன்றுக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோறு. ஆர்க்கிட் விதையோ வெறுங்கையுடன் புறப்படுகின்றது. காட்டில் ஒருவகை நுண்ணிய பூசணம் அதனுள் புகுந்து உணவு ஊட்டினால்தான் அது முளைக்கும். 1899இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார்டு இவ்வுறவைக் கண்டறிந்தார். அதற்கு முன்னர் விதையைத் தாய்ச்செடியின் வேரடியில் தூவிவிட்டு, முளைத்தது பேறு என்று இருந்தனர்.

1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் என்பார் பூசணம் இன்றியே விதையை முளைக்க வைத்தார். சர்க்கரையும் உப்புச் சத்துகளும் சேர்த்த அகார்-அகார் கூழைப் போத்தலில் ஊற்றி, அதன்மேல் விதையைத் தூவினார். பெருநாள்களில் நாம் துண்டு போட்டு உண்கின்றோமே, அதே அகார்-அகார்தான். பூசணம் ஊட்ட வேண்டிய உணவைக் கூழே ஊட்டியது. இம்முறையைக் கொண்டே சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் எரிக் ஹோல்ட்டம் 1928 முதல் புதிய கலப்பினங்களை வளர்க்கலானார். 1931இல் முதற்பயிர் மலர்ந்தது. தென்கிழக்காசியாவின் வெட்டுப்பூ வாணிபத்திற்கு அதுவே வித்தாயிற்று என்று கூறலாம்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். போத்தலில் விதையை முளைக்க வைப்பதும் போத்தலில் திசுவை வளர்ப்பதும் பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். அதே கூழ், அதே போத்தல், அதே பச்சைச் செடி. ஆயினும் விதைப் போத்தலில் உள்ளவை உடன்பிறப்புகள். திசுப் போத்தலில் உள்ளவை நகல்கள். உடன்பிறப்புகள் ஒரே முகமாயிருப்பதில்லை. ஒன்று சிவக்கும், ஒன்று வெளிறும், ஒன்றில் இதழ் சுருளும். அம்மையார் வாங்கிய போத்தல் விதைப் போத்தலாகவே இருந்திருக்க வேண்டும். படத்தில் இருந்தது அதன் தாயோ, தந்தையோ, அதிருஷ்டசாலியான ஓர் உடன்பிறப்போ!

குருத்து நுனியில் ஒரு தோட்டம்

ஆயிரம் உடன்பிறப்புகளை வளர்த்து, டென்ட்ரோபியமாயின் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளும் வாண்டாவாயின் அதனினும் நெடுங்காலமும் காத்திருந்து, அவற்றுள் மிகச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாயிற்று எனக் கொள்வோம். அந்த ஒன்றை எவ்வாறு பெருக்குவது? ஜோக்கிம் அம்மையாரின் வாண்டா கொடிபோல் உயர்ந்து வளர்வது. தண்டை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். அவ்வாறு வெட்டி வெட்டி நட்டே அது நாடெங்கும் பரவியது. மற்ற இனங்களுக்கு இவ்வசதி இல்லை. டென்ட்ரோபியத்தைப் பிரித்து நட்டால் ஆண்டொன்றுக்குச் சில செடிகளே கிடைக்கும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் மொரேல். உண்மையில் அவர் தேடியது வேறு. சிம்பிடியம் ஆர்க்கிட்டைப் பீடித்த நச்சுயிரி நோயினின்று செடியை மீட்கவே அவர் முயன்றார். நோயுற்ற செடியிலும் குருத்தின் உச்சியிலுள்ள மிக நுண்ணிய பகுதிக்கு நோய் பெரும்பாலும் எட்டுவதில்லை. அப்பகுதியை வெட்டியெடுத்துக் கூழில் வளர்த்தார். அது நோயற்ற செடியைத் தந்தது. ஆனால் செடியாவதற்கு முன் பச்சை உருண்டைகளாகத் திரண்டது. அவ்வுருண்டைகளைத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் மீண்டும் உருண்டையானது. 1960இல் அவர் இதனை வெளியிட்டார். நோய்க்கு மருந்து தேடியவர் பெருக்கத்திற்கு வழி கண்டார்.

இன்றும் முறை ஏறத்தாழ அதுவே. இளந்தளிரை வெட்டி, துணி வெளுக்கும் குளோரின் நீர் கலந்த கரைசலில் கழுவி, கிருமி நீங்கிய காற்று வீசும் மேசையில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையுடன் இலைகளை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளிருக்கும் குருத்து நுனியை எடுக்கின்றனர். கூழில் சர்க்கரை, உப்புச் சத்துகள், வளர்ச்சியூக்கிகள் ஆகியன சேர்கின்றன. இளநீரும் வாழைப்பழ மசியலும் சேர்ப்பதுண்டு. பாட்டி வைத்தியம் போல் தோன்றினும், இளநீரில் செல்கள் பிரிவதைத் தூண்டும் பொருள் உண்டென்பது அறிவியல் உண்மை. கூழும் போத்தலும் நீராவியழுத்தத்தில் 121 பாகை வெப்பத்தில் வேகவைக்கப்படுகின்றன. ஒரே ஒரு பூசண வித்து உள்ளே புகுந்தாலும் சர்க்கரையை உண்டு பெருகிப் போத்தல் முழுவதையும் அழித்துவிடும்.

பெருக்கத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் உருண்டை மாதந்தோறும் மூன்றாகின்றதெனில், பன்னிரண்டாம் மாத முடிவில் 531,441 ஆகும். இஃது ஏட்டுக் கணக்கு. அழுகுவதும் கருகுவதும் போக மிஞ்சுவது மிகக் குறைவு. எனினும் முன்னர்ச் செல்வர் வீட்டுக் கண்ணாடிக் கூடங்களில் மட்டுமே இருந்த மலர் இன்று தோட்டத்து வீட்டு வாசலில் பூப்பதற்கு இக்கணக்கே காரணம்.

புதிய இனம் ஆக்குவதிலும் ஆய்வுக்கூடம் ஒருவாறு துணை செய்கின்றது. உறவில் மிக விலகிய இரு செடிகளைக் கலந்தால் கரு உண்டாகியும் காய்க்குள்ளேயே மடிவதுண்டு. அது மடியுமுன் வெளியே எடுத்துக் கூழில் வளர்த்துக் காப்பாற்றுகின்றனர். லில்லி மலர்களில் பல புதிய கலப்பினங்கள் இவ்வாறு காப்பாற்றப்பட்டவையே. ஆயினும் அங்கும் கலப்பு நிகழ்வது பூவில்தான்.

நகலிலும் பிழை நேரும்

திசு வளர்ப்புச் செடியெனில் குறையே இராது என்று விற்பனையாளர் கூறினால் அதனை அப்படியே நம்புதல் வேண்டா. நாம் எச்சரிக்க விரும்புவன இரண்டு.

ஒன்று, நோய். குருத்து நுனி பெரிதாக வெட்டப்பட்டாலோ, தாய்ச்செடி நச்சுயிரிச் சோதனை செய்யப்படாதிருந்தாலோ, நோயும் செடியுடன் சேர்ந்தே பெருகும். ஒரு நோயாளி ஆயிரம் நோயாளிகளாவர். இந்நோய்க்கு மருந்தில்லை, செடியை எரிப்பதே வழி. வீட்டில் அது பரவுவதற்குப் பெருங்காரணம் கத்தி. ஒரு செடியை வெட்டிய கத்தியைத் துப்புரவு செய்யாமல் மறு செடியில் வைப்பதால் நோய் தாவுகின்றது. பட்டைப் பூசண நோய் கண்ட நிரையில் பால்வெட்டுக் கத்தியை மருந்து நீரில் தோய்க்கும் பழக்கமுடைய நமக்கு இது புதிதன்று. ஆர்க்கிட் வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் தீயில் வாட்டிக்கொள்வது நலம்.

மற்றொன்று, உருமாற்றம். உருண்டைகளை அளவுக்கு மீறி மீண்டும் மீண்டும் வெட்டிப் பெருக்கினால், சில நகல்கள் தாயினின்று மாறுபடுகின்றன. செம்பனையில் இதன் விளைவைக் கண்டோம். திசு வளர்ப்பில் பெருக்கிய செம்பனை மரங்கள் சிலவற்றில் பழங்கள் உருக்குலைந்து பயனற்றுப் போயின. 1986இல் இக்குறை அறிவியல் ஏடுகளில் வெளிவந்தது. செம்பனை பல ஆண்டு வளர்ந்து பழம் தந்தபின்னரே குறை தெரிந்தமையால் இழப்பும் மிகுந்தது. அதன் மூலகாரணத்தை மலேசிய ஆய்வாளர்கள் பிற நாட்டாருடன் இணைந்து கண்டறிந்து 2015இல் வெளியிட்டனர். மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதன்மீதுள்ள வேதியியல் குறி ஒன்று அழிந்துவிட்டது என்பதே அவர்கள் கண்ட உண்மை. ஆர்க்கிட்டில் உருமாற்றம் சில வேளைகளில் அழகாகவும் அமைவதுண்டு. அதனைப் புதிய வகையெனத் தனியே பெருக்குவோரும் உளர். வாங்குவோர்க்கு அந்த அதிருஷ்டம் வாய்க்கும் என்று எண்ணி வாங்கலாகாது.

வாங்குங்கால், வளர்க்குங்கால்

போத்தலை வாங்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி: "இது விதையா, திசுவா?" அட்டையில் இரு பெயர்களுக்கிடையே பெருக்கற்குறி இருந்தால் அது பெரும்பாலும் விதைப் போத்தல். பெயரை அடுத்து மேற்கோட்குறிக்குள் மற்றொரு பெயர் இருந்தால் அது குறிப்பிட்ட ஒரு செடியின் நகல் என்று பொருள். பூவை விற்க எண்ணுவோர் திசுச்செடியையே வாங்குதல் வேண்டும். எல்லாச் செடியும் ஒரே நிறத்தில் பூத்தால்தான் வாணிகர் வாங்குவர். வீட்டழகிற்காக வளர்ப்போர் விதைப் போத்தலை வாங்கி, என்ன பூக்கும் என்று காத்திருப்பதிலும் இன்பம் காணலாம். நம் விருப்பம் கேட்டால் இரண்டாவதையே கூறுவோம்! ஆனால் அறிந்து வாங்க வேண்டும்.

கூழில் பூசணம் படர்ந்த போத்தலை வாங்கலாகாது. வீட்டிற்குக் கொணர்ந்த போத்தலை ஓரிரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கியபின் செடிகளை வெளியே எடுத்தல் நன்று. கூழை ஓடும் நீரில் முற்றும் கழுவ வேண்டும். வேரில் சிறிது கூழ் ஒட்டியிருந்தாலும் அதிலுள்ள சர்க்கரை பூசணத்தை விருந்துக்கு அழைக்கும். பெரும்பாலோர் செடியை இழப்பது இவ்விடத்தில்தான். கழுவிய செடிகளைப் பூசணக்கொல்லி மருந்து நீரில் சிறிது நேரம் தோய்த்து, நீர் வடியவிட்டு, பொடித்த கரியும் ஊறவைத்த தேங்காய் நாரும் இட்ட ஒரே சட்டியில் நெருக்கமாக நட வேண்டும். தனித்தனியே நட்டால் விரைவில் உலர்ந்துவிடும்.

போத்தலுக்குள் ஈரக்காற்றிலேயே வளர்ந்த இலைக்கு வெயிலும் காற்றும் பழக்கமில்லை. முதல் சில வாரங்கள் நேர்வெயில் பட்டால் அன்றே கருகும். பால்வெட்டுக்குப் புறப்படுமுன் ஒருமுறையும், திரும்பியபின் பிற்பகலில் ஒருமுறையும் நீரைத் தூவலாம். இரவில் இலை நனைந்திருத்தல் ஆகாது. புதிய வேர் தோன்றியபின் மெல்லிய உர நீர் போதும். விரலளவு வளர்ந்தபின் தனிச்சட்டிக்கு மாற்றலாம்.

தாமே கலப்பினம் செய்ய விழைவோர், காயைத் தாமே விதைக்க முயல்வதைவிட, விதைத்துக் கொடுக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒப்படைத்தல் சிக்கனம். காய் வெடிக்கும்வரை காத்திராமல், பசுங்காயாக முழுமையாக எடுத்துச் செல்ல வேண்டும். காய் மூடியிருக்கும்வரை உள்ளேயுள்ள விதை கிருமியற்றதாகவே இருக்கும். வெளித்தோலைக் கழுவினால் போதும். போத்தல் திரும்பி வர ஓராண்டளவு ஆகலாம். பூத்தபின், அக்கலப்பை எவரும் முன்னர்ச் செய்து பதிந்திராவிடில், இலண்டனிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் கட்டணம் செலுத்தித் தாம் விரும்பும் பெயரில் பதியலாம். உலக ஆர்க்கிட் கலப்பினங்களின் பதிவேட்டை 1961 முதல் அக்கழகமே பேணி வருகின்றது. பதிவிற்குத் தாய், தந்தை இரண்டின் சரியான பெயரும் வேண்டும். ஆகவேதான் மகரந்தம் சேர்த்த அன்றே அட்டை எழுதிக் கட்டுமாறு மேலே குறிப்பிட்டோம். மழையில் மை அழியுமாதலால் பென்சிலால் எழுதுவது நன்று.